யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

வேலை போய்விட்டது, அல்லது போகிற மாதிரி இருக்கிறது. வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார். இத்தனை வருஷம் நம்பியிருந்த துறையே ஆட்டம் காண்கிறது. இப்படி ஒரு நேரத்தில் யாரிடமாவது போய் "எனக்கு ஒரு வழி சொல்லுங்களேன்" என்று நிற்காதவர்கள் குறைவு.

என் எதிரிலும் நிறையப் பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சம்பளக் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் இருந்தவள் நான். யாருடைய கடைசி வேலை நாள் எது, யாருக்கு எவ்வளவு பாக்கி சேர வேண்டும் என்பதெல்லாம் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போகும். அதனால் வேலை போனவர்கள் கையெழுத்துப் போட வந்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப நான் என்ன பண்றது மேடம்?" என்பார்கள். பிறகு ஒரு நாள் எங்கள் பிரிவையே வேறு ஊர் அலுவலகத்தோடு சேர்க்கப் போவதாகக் கடிதம் வந்தது. வருகிறாயா, விலகுகிறாயா, மாத இறுதிக்குள் பதில் சொல். அந்த வாரம்தான் அம்மா பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருந்தார்.

மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். வழி சொல்ல ஆள் எப்படியாவது கிடைத்துவிடும். நாம் கொண்டுபோகிற கேள்விதான் யாராலும் பதில் சொல்ல முடியாததாக இருக்கும். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் பாவம், தன் வாழ்க்கையில் நடந்ததைத்தான் நமக்கு எடுத்துக் கொடுப்பார். அது நமக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். அதனால் இதில் பாதி வேலை, யாரிடமும் போவதற்கு முன்னால், வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டியது.

கேட்பதற்கு முன்னால்

முதலில் தேதி உள்ளவற்றைப் பிரித்து வையுங்கள். கஷ்ட காலத்தில் எல்லாமே அவசரம் போலத் தோன்றும். உண்மையில் தேதி போட்டு வருபவை சிலதான்: பதில் சொல்ல வேண்டிய கடிதம், புதுப்பிக்க வேண்டிய காப்பீடு, கட்ட வேண்டிய தவணை. இவற்றை ஒரு தாளில் தேதி வரிசையில் எழுதிவிட்டால், மற்றதெல்லாம் கொஞ்சம் காத்திருக்கலாம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது கணக்கு. தொழில் புத்தி, விட முடியவில்லை. ஆனால் இந்த ஒரு எண் தெரியாமல் யாரிடமும் ஆலோசனைக்குப் போகாதீர்கள் என்பேன். தவிர்க்கவே முடியாத மாதச் செலவு எவ்வளவு என்று பாருங்கள். இன்றைக்கே எடுக்கக்கூடிய பணம் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது, உங்களுக்கு இருக்கிற மாதங்கள். வரும் என்று சொல்லப்பட்ட பணத்தை இதில் சேர்க்க வேண்டாம், வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். "உடனே கொடுத்துடறோம்" என்ற பாக்கி எத்தனை பேருக்கு எப்படி இழுத்தடித்தது என்று அந்த மேஜையில் இருந்தவளுக்குத் தெரியும். எண் ஒன்றரை என்று வந்தால், உங்கள் கேள்வி "கையில் கிடைக்கிற வேலையில் எது முதலில்?" என்பது. எட்டு என்று வந்தால், "எந்தத் துறை எனக்குச் சரி?" என்று யோசிக்க இடம் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகள், வேறு வேறு ஆட்களிடம் கேட்க வேண்டியவை.

மூன்றாவது, எழுதுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சிகளையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. பிறகு பலர் இதைத் திரும்பச் செய்து பார்த்திருக்கிறார்கள். பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை, சிலருக்கு ரொம்பக் கம்மி. எனக்கு இதில் பிடித்தது வேறு. புலம்பலெல்லாம் தாளில் இறங்கிவிட்டால், அடுத்தவரைப் பார்க்கும்போது அவருடைய நேரம் புலம்பலிலேயே கழிந்துபோகாது. எழுதியதை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. பிழை பார்க்கவும் வேண்டாம்.

பசியில், கோபத்தில், தனியாகத் தவிக்கையில், களைத்துக் கிடக்கையில் முடிவு எடுக்காதே என்று குடிப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களின் குழுக்களில் சொல்வார்கள். ராஜினாமாக் கடிதத்துக்கும் அது பொருந்தும். இரவு எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். அனுப்புவதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம், சாப்பாடு, எதிலும் ஆர்வம் எல்லாம் கெட்டுக் கிடந்தால், இனி இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தால்கூட, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே, பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வேலையா ஊரா என்ற முடிவெல்லாம் பிறகு.

கேள்வியை உடைப்பது

எனக்கு வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் நான் முதலில் எழுதியது, "எல்லாம் ஒரே நேரத்தில் ஏன்?" அதற்கு யாரிடம் பதில் இருக்கும்? அதன் கீழே எழுதியது, "ஊர் மாறுவதா, இங்கேயே வேறு வேலை தேடுவதா, மாத இறுதிக்குள்." இது பரவாயில்லை, இதற்கு ஒரு வடிவம் இருக்கிறது. ஆனாலும் இதை எவரிடம் கேட்டாலும் தலையைச் சொறிவார். இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் எனக்கு என்னவெல்லாம் தெரியாமல் இருக்கிறது என்று கீழே எழுதிக்கொண்டே போனேன்.

அம்மாவால் அடுத்த சில மாதத்தில் நீண்ட பயணம் போக முடியுமா? இது மருத்துவரிடம் கேட்க வேண்டியது. அந்த ஊருக்குப் போனால் வேலை எத்தனை நாள் நிலைக்கும்? இது ஏற்கெனவே இப்படி மாற்றலாகிப் போன யாரையாவது. என் வயதில், என் அனுபவத்தோடு இங்கே வேலை இருக்கிறதா? இது வேலைக்கு ஆள் எடுக்கிற யாரையாவது. தம்பி அம்மாவை எவ்வளவு பார்த்துக்கொள்ள முடியும்? இது தம்பியைத்தான் கேட்க வேண்டும், அவன் மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு. எனக்கு இந்த வேலையில் இன்னும் இருக்க ஆசையா? இது என்னை.

ஒரு பெரிய கேள்வி இப்படி உடைந்ததும் கடைசி ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் எதிரில் ஒரு ஆள் வந்துவிட்டார். பயம் குறைந்துவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் யாருக்கு முதலில் போன் போடுவது என்று தெரிந்தது, அவ்வளவுதான். உங்கள் விஷயத்தில் கேள்விகள் வேறாக இருக்கும். செய்முறை இதேதான்: "எது தெரிந்தால் எனக்கு முடிவெடுக்க முடியும்?" என்று எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது யாருக்குத் தெரியும் என்று எழுதுங்கள். பக்கத்தில் எழுத ஒரு பெயரும் வராத கேள்வி இருந்தால் அது இன்னும் பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி உடையுங்கள்.

யாரிடம்

நெருங்கியவர்களிடம்தான் முதலில் போவோம். ஆறுதலுக்கு அவர்களைவிட ஆள் கிடையாது. ஆனால் வழிக்கு? அவர்கள் நம்முடனேயே புழங்குகிறவர்கள், நமக்குத் தெரிந்ததுதான் பெரும்பாலும் அவர்களுக்கும் தெரியும். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விஷயத்தில் பேர்போனது. தெரிந்தவர்கள் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று விசாரித்திருந்தார். அடிக்கடி பார்ப்பவர் மூலமாகக் கிடைத்தவர்கள் 17 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. எப்போதாவது பார்ப்பவர் மூலமாக ஏறக்குறைய 56 சதவீதம். அபூர்வமாகப் பார்ப்பவர் மூலமாக ஏறக்குறைய 28. சின்ன ஆய்வுதான். ஆனால் 2022இல் லிங்க்ட்இன் தளத்தில் இரண்டு கோடிப் பேரை வைத்துச் செய்த ஆய்விலும், வேலை விஷயத்தில் அரைகுறையாகத் தெரிந்தவர்களே அதிகம் உதவுகிறார்கள் என்றுதான் வந்தது.

எனக்கும் அப்படித்தான் நடந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை தணிக்கைக்கு வருகிற ஒரு அம்மாள். ஃபைல் எங்கே, வவுச்சர் எங்கே என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதே இல்லை. அவரிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பல அலுவலகங்களுக்குப் போய் வருகிறவர், எங்கே கணக்குப் பிரிவில் ஆள் இல்லாமல் திண்டாடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

ஆகவே உங்கள் போனில் உள்ள பெயர்களைக் கடைசியிலிருந்து மேலே பாருங்கள். பழைய சக ஊழியர், ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், வேலை மாறிப் போன மேலதிகாரி.

இவர்களைத் தவிர, முகத்துக்கு நேரே இடித்துச் சொல்கிற ஒருவர் வேண்டும். நமக்கு அவரைப் பார்க்கவே கொஞ்சம் பயமாக இருக்கும், அதுதான் அடையாளம். நாம் தலையாட்டலுக்காகக் கேட்கிறோமா, தெரிந்துகொள்ளக் கேட்கிறோமா என்பது அவரிடம் போகும்போது தெரிந்துவிடும்.

தவிர்க்க வேண்டியவர்களும் உண்டு. நம் முடிவில் தனக்கு லாபமோ நஷ்டமோ உள்ளவர் நல்ல மனசோடு சொன்னாலும் அதைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். நாம் சொல்லி முடிப்பதற்குள் பதிலை ஆரம்பித்துவிடுகிறவர், யாருக்கும் எதற்கும் ஒரே மருந்தை வைத்திருப்பவர், இவர்களுக்கு ஒரு கும்பிடு. காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டுகிறவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். முதல் சந்திப்பில் உங்களை அதிகம் பேசவிடுகிறாரா, தன் கட்டணத் திட்டத்தைப் பற்றி அதிகம் பேசுகிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

எப்படிக் கேட்பது

"உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று மட்டும் செய்தி அனுப்பாதீர்கள். கடன் கேட்கப் போகிறோமோ என்று நினைத்தே பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். நான் அந்தத் தணிக்கை அம்மாளுக்கு அனுப்பியது ஏறக்குறைய இப்படி: "வணக்கம் மேடம். எங்கள் பிரிவை வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள். அம்மாவின் உடல்நிலையால் நான் போக முடியுமா என்று தெரியவில்லை. சம்பளக் கணக்கில் அனுபவம் உள்ளவர்களை இங்கே இப்போது எந்த மாதிரி நிறுவனங்கள் எடுக்கிறார்கள் என்று உங்களிடம் தெரிந்துகொள்ள ஆசை. இந்த வாரம் பத்து நிமிடம் போனில் பேச முடியுமா? வேலை வாங்கித் தரச் சொல்லிக் கேட்கவில்லை." அந்தக் கடைசி வரி முக்கியம், அது கேட்கப்படுபவரின் தோளிலிருந்து ஒரு பாரத்தை இறக்கிவிடும். அன்று மாலையே அவர் கூப்பிட்டார்.

பேசும்போது, அறிவுரையைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். எனக்கு முன்னால் இதே மாதிரி இணைப்பில் மாற்றலாகிப் போன ஒரு அக்கா இருந்தார். "போகலாமா அக்கா?" என்று கேட்டிருந்தால், "உன் இஷ்டம்மா, பார்த்துக்கோ" என்றிருப்பார். நான் கேட்டது, "போய்ச் சேர்ந்த முதல் ஆறு மாசத்தில் என்னென்ன நடந்தது?" அவர் சொல்ல ஆரம்பித்தார். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், ஒருவர் பழையவர், ஒருவர் அந்த ஊர்க்காரர். பழையவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாலாவது மாதம், இருக்கிற இடங்களுக்கு எல்லோரும் புதிதாக விண்ணப்பம் போடுங்கள் என்று ஒரு மின்னஞ்சல். "வேலைக்குக் கூப்பிடலைடி, வேலையைச் சொல்லித்தரக் கூப்பிட்டாங்க. நான் தப்பிச்சேன், என்கூட வந்தவங்க பாதிப் பேர் திரும்பிட்டாங்க" என்றார். இது கடிதத்தில் இல்லை. எந்த அறிவுரையிலும் வந்திருக்காது.

கேட்டுப் பார்க்கத் தகுந்த இன்னும் இரண்டு: "இதில் நான் கேட்க மறந்தது ஏதாவது இருக்கிறதா?" என்பது ஒன்று. "எந்த நிலைமையாக இருந்தால் உங்கள் பதில் மாறும்?" என்பது இன்னொன்று. இரண்டு பெரியவர்கள் நேரெதிராகச் சொல்லும்போது இந்த இரண்டாவது கேள்விதான் கைகொடுக்கும். "துணிஞ்சு போ" என்பவரும் "இருக்கிறதை விடாதே" என்பவரும் பெரும்பாலும் சண்டை போடவே இல்லை. ஒருவர் குடும்பப் பொறுப்பு இல்லாதவளை மனதில் வைத்துச் சொல்கிறார், இன்னொருவர் இருக்கிறவளை. எதில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

நல்ல வழிகாட்டி யார் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1772இல் நடந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் போதகராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லிக்கு, ஷெல்பர்ன் பிரபுவின் வீட்டில் நூலகராக வரச் சொல்லி அழைப்பு. குடும்பத்தோடு இடம் மாற வேண்டும். நண்பர் பெஞ்சமின் ஃபிராங்க்ளினிடம் யோசனை கேட்டார். ஃபிராங்க்ளின் எழுதிய பதிலின் சாரம், உங்கள் நிலைமை எனக்கு முழுதாகத் தெரியாது, ஆகவே என்ன செய்வது என்று சொல்ல மாட்டேன், எப்படி முடிவெடுப்பது என்று சொல்கிறேன் என்பது. தாளை இரண்டாகப் பிரித்து, மூன்று நான்கு நாளில் தோன்றத் தோன்றச் சாதகத்தை ஒரு பக்கம், பாதகத்தை ஒரு பக்கம் எழுத வேண்டும். பிறகு சம எடை உள்ளவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு சின்னச் சாதகம் ஒரு பெரிய பாதகத்துக்குச் சமம் என்றால் மூன்றையும் அடிக்கலாம். கடைசியில் எந்தப் பக்கம் மிஞ்சுகிறது என்று பார்த்து, இன்னும் ஓரிரு நாள் புதிதாக ஒன்றும் தோன்றாவிட்டால் முடிவு செய்துவிடலாம். பிரீஸ்ட்லி அந்த வேலையை ஏற்றார். 1774 ஆகஸ்டில் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்த சோதனையை அந்தப் பிரபுவின் மாளிகையில்தான் செய்தார். பட்டியல் போட்டதால் ஆக்சிஜன் கிடைத்தது என்று சொல்ல வரவில்லை! எண்ணிப் பார்க்காமல், எடை பார்த்து அடிப்பதுதான் இதில் விஷயம். பலர் பட்டியல் போட்டு, இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் ஐந்து என்று எண்ணி முடிவெடுக்கிறார்கள். "அலுவலகம் பெரிசு" என்பதும் "அம்மா தனியாக இருப்பாள்" என்பதும் ஒரே கணக்கில் வராது.

சில கேள்விகளுக்கு வெளியில் பதிலே கிடையாது. என் பட்டியலில் கடைசியாக இருந்தது அந்த மாதிரி. அதற்கு குவேக்கர் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கிற ஒரு வழக்கம் உதவும். சிக்கலில் இருப்பவரைச் சுற்றிச் சிலர் உட்காருவார்கள். யாரும் ஆலோசனை சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம், அதுவும் பதில் தனக்கே தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். இரண்டு நண்பர்களை வைத்து ஒரு மணி நேரம் செய்து பாருங்கள். கஷ்டம் எங்கே என்று உடனே தெரியும். "நீ ஏன் ஒரு கோர்ஸ் சேரக் கூடாது?" என்று ஆரம்பித்துவிடுவார்கள், அது கேள்விக்குறி போட்ட அறிவுரை, விதிப்படி செல்லாது. என்னை உட்கார வைத்துக் கேட்டதில் ஒரு தோழி, "கடைசியா எந்த நாள் ஆபீஸ்ல நேரம் போனதே தெரியலை?" என்றாள். ஒரு புதுப் பெண்ணுக்குச் சம்பளப் பிடித்தம் எப்படிக் கணக்கிடுவது என்று மதியம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த நாள் ஞாபகம் வந்தது. கணக்கு எனக்கு அலுத்துவிட்டது, சொல்லிக்கொடுப்பது அலுக்கவில்லை.

கேட்க யாரும் இல்லையா? அப்போது அதே சிக்கல் உங்கள் தோழிக்கு வந்ததாக வைத்து, அவளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்தவர் பிரச்சினையில் நிதானமாக யோசிக்கிற நாம் நம் பிரச்சினையில் தடுமாறுகிறோம், வெளியே நின்று பார்க்கிற மாதிரி யோசித்தால் அந்த வித்தியாசம் மறைகிறது என்று இகோர் கிராஸ்மன், ஈதன் கிராஸ் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருக்கிறார்கள்.

முடிவெடுத்த பிறகு

பதில்கள் கையில் வந்ததும் இன்னும் நாலு பேரைக் கேட்கலாமே என்று தோன்றும். மூன்றாவது ஆளும் முதலிரண்டு பேர் சொன்னதையே சொன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கேட்பது தள்ளிப்போடுவது. மதில்மேல் பூனையாக எத்தனை நாள்?

முடிந்தவரை திரும்பி வரக்கூடிய அடியை முதலில் வையுங்கள். நான் நிறுவனத்திடம் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, உடனே விலகுகிறேன் என்றும் சொல்லவில்லை. வேலையை ஒப்படைக்கும் வரை, காலாண்டு முடிவுவரை, இங்கிருந்தே செய்து தருகிறேன் என்று எழுதிக் கேட்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் அவர்களுக்கு வேண்டும் என்பதை அக்காவிடமிருந்து தெரிந்துகொண்டிருந்தேனே! ஒப்புக்கொண்டார்கள். வாய்வார்த்தையாக விடாமல் எழுத்தில் வாங்கினேன். அந்த இடைவெளியில்தான் தணிக்கை அம்மாள் சொன்ன இரண்டு இடங்களில் நேர்காணலுக்குப் போனேன். அதில் ஒன்றில், புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் வேலையில் ஒரு பகுதி. சம்பளம் பழையதைவிடக் குறைவு. எடுத்துக்கொண்டேன்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை. கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 2007இல் இதை மேலாளர்களுக்காக எழுதினார், வீட்டு முடிவுக்கும் ஒத்துவரும். ஒரு வருஷம் கழித்து இந்த முடிவு படுதோல்வி ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஏன் ஆச்சு?" என்று காரணங்களை எழுதுங்கள். "ஆகுமா?" என்று கேட்டால் மனசு சமாதானம் சொல்லும், "ஆச்சு" என்று வைத்துவிட்டால் காரணங்களைத் தானே கொட்டும். எழுதியதில் எதை இப்போதே சரிசெய்ய முடியும் என்று பாருங்கள். எனக்கு வந்த காரணங்களில் ஒன்று, "அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் நின்றுவிட்டாள்." அதற்கு மாற்று ஏற்பாட்டைச் சேர்வதற்கு முன்னமே தம்பியோடு பேசி வைத்துக்கொண்டோம்.

முடிவை மறுபடி எப்போது பார்ப்பது என்று ஒரு தேதி குறித்துவிடுங்கள். மூன்று மாதமோ ஆறு மாதமோ. அதுவரை தினம் ராத்திரி அதைத் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம், யோசனை கேட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்வதில்லை. என் எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியவர்கள் என்ன ஆனார்கள் என்று பல பேரைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது. குறிப்பாக, யார் சொன்னபடி செய்யவில்லையோ அவருக்கு முதலில் சொல்லுங்கள். எங்கள் பழைய மேனேஜர் கட்டாயம் போகத்தான் வேண்டும் என்று சொன்னவர். அவருக்கு, "சார், நீங்கள் சொன்னதை யோசித்தேன். அம்மா விஷயத்தால் இங்கேயே சேர்ந்துவிட்டேன். சம்பளத்தைப் பேசித்தான் வாங்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை மட்டும் அப்படியே செய்தேன்" என்று எழுதினேன். "எவ்வளவு கேட்டே?" என்று உடனே பதில் வந்தது. சொன்னேன். "இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்" என்றார்.